வடிவேலுவின் ஏடுகளும் திருவனந்தபுரத்து இசையும்

தம்பானூர்ப் புகைவண்டி நிலையத்திலிருந்து தெற்கு நோக்கிச் சிறிது தூரம் நடந்தால் பழவங்காடிப் பிள்ளையார் கோயிலை அடையலாம். பட்டாளத்தாரின் பராமரிப்பில் இருந்துவரும் அக்கோயிலின் முன் காலை முதல் இரவு வரை சிதறுதேங்காயின் ஓசை ஓய்வதில்லை. புது உத்தியோகம் ஏற்பவரும், பரீட்சைக்குச் செல்லும் பிள்ளைகளும், பெண்ணுக்கு வரன் பார்க்கப் புறப்படும் பெற்றோரும் அங்கு நின்று தோப்புக்கரணம் இட்டுச் செல்வதை நாள்தோறும் காண்கிறோம். அதற்கு அடுத்தாற்போல் கிழக்கேகோட்டை. கோட்டைக்குள் ஸ்ரீபத்மநாபசுவாமி கோயில். அதன் அருகே பத்மதீர்த்தக் குளம், நவராத்திரி மண்டபம், சுவாதித் திருநாள் மகாராஜா கட்டுவித்த குதிரைமாளிகை. அதே கோட்டைப் பகுதியில்தான் மாநில ஆவணக் காப்பகத்தின் பனையோலைச் சுருள்களும் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. சாலைக் கடைத்தெருவுக்குச் சாமான் வாங்கப் போகும் நம் காலனிக் குடும்பங்கள் வாரம் ஒரு முறையேனும் இவற்றைக் கடந்து செல்கின்றன.

இந்தக் கோட்டைக்குள் 1830களில் தஞ்சாவூரிலிருந்து வந்து தங்கிய ஒரு தமிழர் பாட்டுக் கட்டுவதிலும் பிடில் வாசிப்பதிலும் பெரும்புகழ் பெற்று விளங்கினார். அவர் பெயர் வடிவேலு. நம்மைப் போலவே தொழில் நிமித்தமாகத் தமிழகத்தை விட்டு இந்நகருக்கு வந்தவர். அவர் வாசித்த இசை காற்றோடு போய்விட்டது. அவர் காலத்துப் பாட்டுகளில் எவை எஞ்சின, எவ்வாறு எஞ்சின, யார் கை அவற்றைக் காத்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நாம் புகைவண்டி இலாகாவில் எழுத்தராக ஊழியம் செய்பவர். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டவர். இராக இலட்சணத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் தகுதி நமக்கு இல்லை. ஆயினும் பதிவேடு, ரசீது, கையொப்பம், தேதி ஆகியவற்றோடு நெடுங்காலம் பழகியவர் என்ற முறையில் ஒன்று சொல்ல நமக்கு உரிமையுண்டு. பார்சல் அலுவலகத்தில் ஒரு பொதியின் மேல் அனுப்புவோர் பெயரும் பெறுவோர் பெயரும் அழிந்துபோனால், உள்ளே தங்கமே இருந்தாலும் அது உரிமை கோருவாரற்ற சரக்காகிவிடும். பாட்டுகளுக்கும் அந்நிலை நேர்வதுண்டு என்பதைப் பின்வரும் வரலாறு காட்டும்.

தஞ்சை நால்வர்

தஞ்சையில் நட்டுவ மரபில் வந்த சுப்பராயனுக்கு நான்கு புதல்வர்கள். மூத்தவர் சின்னையா, அடுத்தவர் பொன்னையா, மூன்றாமவர் சிவானந்தம், இளையவர் வடிவேலு. 1802 முதல் 1810 வரையுள்ள ஆண்டுகளில் பிறந்த இந்நால்வரும் முத்துசுவாமி தீட்சிதரிடம் இசை பயின்றவர்கள். தம் ஆசிரியரைப் போற்றி ஒன்பது பாட்டுகள் இயற்றி அவற்றை 'நவரத்தின மாலை' எனப் பெயரிட்டு அளித்தனர். இன்று மேடையில் நாம் காணும் பரதநாட்டியத்தின் நிகழ்ச்சி வரிசையை, அதாவது அலாரிப்பு, ஜதீசுவரம், சப்தம், வருணம், பதம், தில்லானா என்னும் முறையை, வகுத்து நிலைநிறுத்தியவர்கள் இவர்களே. நம் காலனிப் பெண் குழந்தை ஒருத்தி ஆண்டு விழாவில் சலங்கை கட்டி ஆடும்போது, அவள் கால்கள் இந்நால்வர் வகுத்த வழியிலேயே செல்கின்றன.

நால்வரும் ஓரிடத்தில் தங்கிவிடவில்லை. சின்னையா மைசூர் அரசவைக்குச் சென்றார். வடிவேலு திருவிதாங்கூருக்கு வந்தார். அக்காலத்தில் இருப்புப்பாதையும் இல்லை, பேருந்தும் இல்லை. தஞ்சையிலிருந்து மதுரை, திருநெல்வேலி வழியாக ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி இங்கு வந்து சேர்வதென்றால் மாட்டு வண்டியிலும் கால்நடையிலும் பல நாள் பயணம். கலைஞர்கள் அவ்வளவு தூரம் வந்தார்கள் என்றால், வரவேற்கும் இடம் அத்தகையதாக இருந்திருக்க வேண்டும்.

வடிவேலுவின் பெயர் பிடிலோடு இணைந்தது. பிடில் ஐரோப்பியர் கொண்டுவந்த கருவி. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதரும் நம் வடிவேலுவும் அதைத் தென்னாட்டு இசைக்குப் பழக்கிய முன்னோடிகள். மேனாட்டார் நின்றுகொண்டு தோளில் தாங்கி வாசித்த கருவியை நம்மவர் தரையில் அமர்ந்து, மார்புக்கும் கணுக்காலுக்கும் இடையே நிறுத்தி, கமகம் பிறழாமல் வாய்ப்பாட்டைப் பின்தொடரும்படி செய்தனர். இன்று பிடில் இல்லாத கச்சேரியை நம்மால் எண்ணிப் பார்க்கவும் இயலாது. சுவாதித் திருநாள் மகாராஜா 1834-இல் வடிவேலுவுக்கு யானைத் தந்தத்தாலான பிடில் ஒன்றைப் பரிசளித்தார். அக்கருவி தஞ்சையில் அவர் மரபினரால் போற்றிக் காக்கப்பட்டு வந்திருக்கிறது. அரசவையில் அவர் பெற்ற மதிப்புக்குக் கையால் தொட்டறியத்தக்க சான்று அது.

சுவாதித் திருநாள் அவை

சுவாதித் திருநாள் 1813-இல் பிறந்தார். கருவில் இருக்கும்போதே அரசுரிமை பெற்றவராதலால் 'கர்ப்ப ஸ்ரீமான்' என்று அழைக்கப்பட்டார். தாயார் கௌரி லட்சுமி பாயி 1815-இல் மறைந்தபின் சிற்றன்னையார் கௌரி பார்வதி பாயி ஆட்சிப் பொறுப்பைத் தாங்கினார். 1829-இல் பதினாறாம் வயதில் மகாராஜா ஆட்சியைத் தாமே ஏற்று, 1846-இல் மறையும் வரை நடத்தினார். முப்பத்து மூன்று ஆண்டே நிறைந்த அவ்வாழ்வில் 1834-இல் ஆங்கிலப் பள்ளியும் 1837-இல் வான ஆராய்ச்சி நிலையமும் இந்நகரில் தோன்றின. அவருக்கு ஆங்கிலம் கற்பித்த சுப்பராவும் தஞ்சையிலிருந்து வந்தவரே; பின்னர் அவர் திவானாகவும் உயர்ந்தார்.

அவையில் பல நாட்டுக் கலைஞர்கள் கூடியிருந்தனர். பாலக்காட்டுப் பரமேசுவர பாகவதர், தஞ்சையிலிருந்து வந்த கதாகாலட்சேப வித்துவான் மேருசுவாமி, தியாகராஜ சுவாமிகளின் மாணவரான கன்னையா பாகவதர், மலையாளக் கவிஞர் இரயிம்மன் தம்பி ஆகியோர் அவருள் சிலர். மகாராஜா பெயரில் இன்று வழங்கும் பாட்டுகள் ஏறத்தாழ நானூறு. வடமொழி, மலையாளம், தெலுங்கு, கன்னடம், இந்துஸ்தானி ஆகிய மொழிகளில் அவை அமைந்துள்ளன. பெரும்பாலானவற்றில் பத்மநாபன் என்ற சொல்லோ அதன் பொருள் தரும் வேறு சொல்லோ முத்திரையாக அமைந்திருக்கும்.

நிற்க. ஓர் அரசர் சாகித்தியம் எழுதுகிறார். அவையில் வடிவேலுவைப் போன்ற மெட்டமைப்பில் வல்லவர் இருக்கிறார். அரசர் பாட, பிடிலில் இவர் வாசித்துக் காட்ட, இருவரும் கூடித் திருத்த, ஒரு வருணம் உருவாகிறது என்று வைத்துக்கொள்வோம். அது யாருடைய வருணம்? தஞ்சை நால்வரின் வருணங்கள் சிலவும் மகாராஜாவின் வருணங்கள் சிலவும் ஒரே மெட்டில் அமைந்து, சொற்கள் மட்டும் வேறு மொழியில் இருப்பதை இசை அறிஞர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். பட்டறையில் இருவர் சேர்ந்து செய்த நாற்காலியில் எந்தக் கால் யார் செய்தது என்று பின்னாளில் கேட்பதுபோல் இக்கேள்வி தோன்றலாம். ஆனால் செய்தவர்களுள் ஒருவர் முடி தரித்தவர், மற்றவர் சம்பளம் பெற்றவர் என்னும்போது கேள்வி அவ்வளவு எளிதாக முடிந்துவிடுவதில்லை. முடி தரித்தவர் பெயரை நாடே சொல்லும். சம்பளம் பெற்றவர் பெயரை ஏடுதான் சொல்ல வேண்டும்.

ஏட்டில் நின்றதும் நில்லாததும்

திருவிதாங்கூர் அரசு எதையும் எழுதி வைக்கும் வழக்கமுடையது. கோயில் முறை, அரண்மனைச் செலவு, நிலவரி, ஆணை, பரிசு ஆகிய யாவும் பனையோலையில் எழுத்தாணியால் கீறப்பட்டு, ஓலைகள் ஒன்றாகச் சேர்த்துச் சுருணையாகச் சுருட்டப்பட்டன. பத்மநாபசுவாமி கோயிலைச் சார்ந்த ஆவணங்கள் மதிலகம் ஆவணங்கள் எனப் பெயர் பெறும். கோட்டைப் பகுதியிலுள்ள காப்பகத்தில் இருக்கும் ஓலைகளின் எண்ணிக்கை ஒரு கோடிக்கும் மேல். அவற்றில் வட்டெழுத்து உண்டு, கோலெழுத்து உண்டு, மலையாண்மை உண்டு, பழந்தமிழும் உண்டு. 2022-இல் அங்கு ஓர் ஓலைச்சுவடி அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. விடுமுறை நாளில் பிள்ளைகளை மிருகக்காட்சிச் சாலைக்கு அழைத்துச் செல்லும் நம்மவர் ஒரு முறை இங்கும் அழைத்து வருதல் நலம். தம் முன்னோர் எழுதிய எழுத்தைக் குழந்தைகள் கண்ணால் காண்பார்கள்.

ஓலைக்குத் தன்னியல்பாக நீண்ட ஆயுள் உண்டு. ஆனால் அது சாகாவரம் பெற்றதன்று. பதப்படுத்திய ஓலையில் கீறிய எழுத்தின்மேல் கரியைத் தடவித் துடைத்தால் கறுப்பு கீறலில் தங்கி எழுத்துத் தெளிவாகும். ஈரமும் செல்லும் பூச்சியும் அதற்குப் பகை. நம் கேரளத்து மழையோ ஆண்டில் பாதி நாள் விடுவதில்லை. ஆகையால் பழைய ஓலை நைந்து போகுமுன் புதிய ஓலையில் படி எடுப்பது மரபு. படி எடுப்பவர் இல்லாத வீட்டில் நூல் மாண்டுபோகும். திருநெல்வேலிச் சீமைத் தருவையில் பிறந்து இந்நகரில் வாழ்ந்த மகாமகோபாத்தியாய கணபதி சாஸ்திரிகள், பத்மநாபபுரத்தை அடுத்த மணலிக்கரையில் 1909-இல் கண்டெடுத்த ஓலைகளிலிருந்தே பாசனின் வடமொழி நாடகங்கள் வெளிவந்தன. 1912 முதல் அவற்றை அவர் அச்சிட்டபோது உலகம் வியந்தது. அவ்வீட்டார் அந்த ஓலைகளை அடுப்பில் இட்டிருந்தால் பாசன் வெறும் பெயராகவே நின்றிருப்பான்.

பாட்டுக்கு இதைவிடப் பெரிய இடர்ப்பாடு ஒன்று உண்டு. நாடகத்தை ஓலையில் கண்டால் நாடகம் முழுவதும் கிடைத்துவிடும். பாட்டை ஓலையில் கண்டால் பாட்டின் சொல்லே கிடைக்கும். தலைப்பில் இராகத்தின் பெயரும் தாளத்தின் பெயரும் இருக்கும், மெட்டு இராது. சுரப்படுத்தி எழுதும் வழக்கம் அக்காலத்தில் பரவலாக இல்லை. மெட்டு இருந்த இடம் பாடகர் தொண்டை. திருவனந்தபுரத்தில் அத்தொண்டைகள் முல்லமூடு பாகவதர் குடும்பத்தாருடையவை. கோயிலில் பாடுவதற்கென்றே அமர்த்தப்பட்ட அக்குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக மகாராஜாவின் கிருதிகளைப் பாடி வந்தன. நவராத்திரி மண்டபத்தில் முதல் நாள் சங்கராபரணம், இறுதி நாள் ஆரபி என ஒன்பது நாளுக்கு ஒன்பது கிருதிகள் ஒலிக்கும் முறை இன்றும் நடைபெறுகிறது. பத்மநாபபுரத்திலிருந்து சரசுவதியும், வேளிமலையிலிருந்து முருகனும், சுசீந்திரத்திலிருந்து முன்னூற்று நங்கையும் எல்லை கடந்து இந்நகருக்கு எழுந்தருளும் விழாவும் அதுவே. 1956-இல் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் தமிழகத்தோடு சேர்ந்த பின்னரும் இவ்வருகை நிற்கவில்லை என்பது நம்மவர் அறிந்ததே. அம்மண்டபத்தில் பெண் குரல் முதன்முதலாக ஒலித்தது 2006-இல். பாடியவர் பாறசாலை பொன்னம்மாள்.

ஆகவே ஒரு பாட்டுக்கு மூன்று காப்பிடங்கள் இருந்தன. யாருக்கு என்ன கொடுக்கப்பட்டது என்பதைக் கணக்கோலை சொல்லும். என்ன சொற்கள் பாடப்பட்டன என்பதைச் சாகித்திய ஓலை சொல்லும். எப்படிப் பாடப்பட்டது என்பதைக் குடும்பத்தின் குரல் சொல்லும். மூன்றும் ஒருங்கே கிடைத்தால் வரலாறு முழுமையடையும். ஒன்று குறைந்தாலும் பின்வருவோர் ஊகத்தில் இறங்க வேண்டியதுதான்.

மேலவீதி வீட்டின் சுவடிகள்

இனித் தஞ்சைக்குச் செல்வோம். வடிவேலு திருவிதாங்கூரில் அரசவைக் கலைஞராக விளங்கினாலும், நால்வரின் இசைச் செல்வம் சேர்ந்திருந்த இடம் தஞ்சை மேலவீதியிலுள்ள அவர்கள் குடும்ப வீடே. அவ்வீட்டில் அவர்கள் சாகித்தியங்களும் ஜதிகளும் சுவடிகளாகக் காக்கப்பட்டன. அம்மரபில் வந்த கே. பொன்னையா பிள்ளை அவர்கள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசை கற்பித்தவர். 1933-இல் சென்னை சங்கீத வித்வத் சபையின் சங்கீத கலாநிதி விருதைப் பெற்றவர். முன்னோரின் உருப்படிகளை ஓலையிலிருந்தும் நினைவிலிருந்தும் சேகரித்துச் செப்பனிட்டவர் அவர். அவர் 1945-இல் மறைந்தார். அவர் புதல்வர்களான கே. பி. கிட்டப்பா, கே. பி. சிவானந்தம் ஆகிய இருவரும் அப்பணியைக் கைவிடவில்லை. 1961-இல் 'பொன்னையா மணிமாலை'யும் 1964-இல் 'தஞ்சைப் பெருவுடையான் பேரிசை'யும் சுரக்குறிப்போடு வெளிவந்தன. நால்வர் மறைந்து நூறு ஆண்டளவு கழிந்தபின் அவர்கள் பாட்டு அச்சேறியது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நட்டுவத் தொழிலுக்கு நாட்டில் மதிப்புக் குன்றிய காலம் நடுவில் வந்தது. தேவதாசி முறையை எதிர்த்த இயக்கம் வலுத்த நாளில் சதிர் ஆட்டத்தையே பலர் இழிவாகப் பேசினர். வருவாய் சுருங்கியது. அத்தகைய நாளில் பழஞ்சுவடி ஒன்றைப் பேணுவதால் குடும்பத்துக்குக் கிடைப்பது என்ன? ஒன்றுமில்லை. இருந்தும் அவ்வீட்டார் காத்தனர். அவர்கள் காத்திராவிடில் பின்னர் எழுந்த பரதநாட்டிய மறுமலர்ச்சிக்கு ஆடுவதற்கு உருப்படி ஏது?

அதே காலத்தில் வேறு வீடுகளிலும் இத்தகைய காவல் நடைபெற்றது. முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகளை எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்னும் பெருநூலாக 1904-இல் அச்சிட்டார். தியாகராஜ சுவாமிகளின் மாணவர் வாலாஜாப்பேட்டை வேங்கடரமண பாகவதர் வழியில் வந்த கையெழுத்துப் பிரதிகள் மதுரை சௌராஷ்டிர சபையில் இடம் பெற்றன. மும்மூர்த்திகளின் பாட்டு நம் செவிக்கு எட்டுவதற்குப் பின்னால் இப்படி மாணவர்களும் பேரன்மார்களும் செய்த எழுத்து வேலை இருக்கிறது.

ஐயமும் விடையும்

திருவனந்தபுரத்தில் மகாராஜாவின் பாட்டுகள் எவ்வாறு மீண்டன என்பதையும் சொல்ல வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நகரத்துச் சிதம்பர வாத்தியார் அவற்றைத் தொகுத்து அச்சேற்றினார். 1939-இல் சுவாதித் திருநாள் பெயரில் இங்குச் சங்கீத அகாதெமி நிறுவப்பட்டது; தைக்காட்டில் உள்ள இசைக் கல்லூரியாக இன்று விளங்குவது அதுவே. அதன் முதல் தலைவர் திருநெல்வேலிச் சீமை அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். அவருக்குப் பின் செம்மங்குடி சீனிவாச ஐயர் அப்பொறுப்பை ஏற்று 1963 வரை வகித்தார். இருவரும் முல்லமூடு பாகவதர்களிடமிருந்தும் பழஞ்சுவடிகளிலிருந்தும் பாட்டுகளைத் திரட்டினர். மெட்டுக் கிடைத்தவற்றைச் சீர்செய்தனர். கிடைக்காதவற்றுக்குத் தாமே மெட்டமைத்தனர். இராமாயணத்தைச் சுருக்கிச் சொல்லும் 'பாவயாமி ரகுராமம்' பழைய முறையில் சாவேரி இராகத்தில் பாடப்பட்டு வந்தது. அதை இராகமாலிகையாக மாற்றியமைத்தவர் செம்மங்குடியார். இன்று உலகெங்கும் அந்த இராகமாலிகையே பாடப்படுகிறது.

இது குற்றமன்று, ஒரு பெருந்தொண்டு. ஆனால் எது பழைய மெட்டு, எது புதிய மெட்டு என்பதைப் பாட்டுக்குப் பாட்டு குறித்து வைத்திருந்தால் பின்னால் வந்த பூசல் அவ்வளவு முற்றியிராது. 1980களில் வீணை எஸ். பாலசந்தர் அவர்கள், சுவாதித் திருநாள் பெயரில் வழங்கும் பாட்டுகள் அவருடையனவே அல்ல என்று கடுமையாக வாதிட்டார். சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் பத்திரிகைகளில் மறுப்பும் எதிர்மறுப்பும் தொடர்ந்தன. ஒரு சாரார் மகாராஜாவை இசையுலகின் பேரரசர் என்றனர். மற்றொரு சாரார் அவை வித்துவான்களின் உழைப்பு அரசர் பெயரில் ஏறியது என்றனர். உணர்ச்சி மிகுந்த அளவுக்குச் சான்று மிகவில்லை.

சான்றைத் தேடியவர்களும் இருந்தனர். மருத்துவரான ஆர். பி. ராஜா அவர்கள் ஆவணங்களை ஆராய்ந்து சுவாதித் திருநாளைப் பற்றி 2006-இல் ஒரு நூல் வெளியிட்டார். அவரைப் போன்றோர் காப்பகத்துக்குச் சென்று ஓலையைப் படித்துப் பேசியதனால் விவாதம் மேடையிலிருந்து மேசைக்கு வந்தது. எழுத்தராகிய நமக்கு இந்த வழியே பிடித்திருக்கிறது. 1939-க்கு முன்னரே பாட்டுகள் அச்சில் வந்ததும், நவராத்திரிக் கிருதிகள் முறை தவறாது பாடப்பட்டு வந்ததும், மகாராஜா ஒரு கற்பனைக் கவி அல்லர் என்பதற்குப் போதிய சான்று. தஞ்சை நால்வரின் மெட்டும் மகாராஜாவின் மெட்டும் சில இடங்களில் ஒன்றுபடுவதோ, வடிவேலு வெறும் பக்கவாத்தியக்காரர் அல்லர் என்பதை உணர்த்துகிறது. இரண்டையும் ஒருங்கே ஏற்பதில் எவருக்கும் இழிவில்லை. அரசருக்கு உரியதை அரசருக்கும், வடிவேலுவுக்கு உரியதை வடிவேலுவுக்கும் கொடுப்பதே நேர்மை.

கடல் கடந்த சான்றுகள்

பாட்டுக் கட்டியவரின் காகிதங்களைப் பற்றிய இந்தக் கவலை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் கறுப்பின மக்களிடையே ராக்டைம் என்னும் பியானோ இசையும், அதையடுத்து ஜாஸ் என்னும் இசையும் தோன்றின. மேனாட்டுப் பிடிலைத் தஞ்சையார் தமதாக்கியதுபோல் மேனாட்டுப் பியானோவை அவர்கள் தமதாக்கினர். அவர்களுள் ஸ்காட் ஜாப்ளின் என்பவர் 1917-இல் மறைந்தார். அவர் 1903-இல் இயற்றி மேடையேற்றிய இசைநாடகம் ஒன்றின் எழுத்துப் பிரதி காணாமற் போயிற்று. அதை இன்று எவராலும் பாட இயலாது. 'டிரீமோனிஷா' என்னும் மற்றோர் இசைநாடகத்தை அவர் 1911-இல் தம் கைப்பணத்தைச் செலவிட்டு அச்சிட்டார். வாழ்நாளில் அதற்கு ஆதரவு கிட்டவில்லை. ஆனால் அச்சில் இருந்தமையால் 1972-இல் அது முழுமையாக அரங்கேறியது. 1976-இல் புலிட்சர் நிறுவனத்தார் அவருக்குச் சிறப்பு விருதும் அளித்தனர். ஒரே மனிதர் செய்த இரண்டு நாடகங்களுள் ஒன்று வாழ்கிறது, மற்றொன்று இல்லை. வேறுபாடு காகிதம் ஒன்றே.

ஜெல்லி ரோல் மார்ட்டன் என்ற பியானோக் கலைஞர், ஜாஸ் இசையைத் தாமே 1902-இல் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொண்டார். பலர் நகைத்தனர். 1938-இல் ஆலன் லோமாக்ஸ் என்பவர் அவரை வாஷிங்டனிலுள்ள காங்கிரஸ் நூலகத்துக்கு அழைத்து, பியானோவின் முன் அமர்த்தி, அவர் பேச்சையும் பாட்டையும் பல மணி நேரம் பதிவு செய்தார். மூன்றாண்டில், 1941-இல், மார்ட்டன் காலமானார். அவர் பேச்சில் பெருமையடிப்பு உண்டெனினும், பழைய நியூ ஆர்லியன்ஸ் நகரத்து இசையை அறிய அப்பதிவைப் போன்ற சாதனம் வேறில்லை. யூபி பிளேக் என்ற மற்றொரு பியானோக் கலைஞரின் காகிதங்கள் அவர் பிறந்த பால்டிமோர் நகரிலேயே மேரிலாந்து வரலாறு, பண்பாட்டு மையத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன. கடிதம், ஒப்பந்தம், கணக்கு, திருத்திய பாட்டுத் தாள் ஆகியவை ஒருங்கே இருந்தால்தான் ஒரு கலைஞர் எப்படி உழைத்தார் என்பது பின்வருவோர்க்குப் புலனாகும்.

நம் வீடுகளில் உள்ளவை

அன்பர்காள்! இந்த வரலாற்றை இம்மலரில் எழுதப் புகுந்ததற்குக் காரணம் உண்டு. இந்நகரத்துத் தமிழ் மக்கள் பாட்டில் வறியவர் அல்லர். நாகர்கோவில் வடிவீசுவரத்தில் பிறந்து கரமனையில் வாழ்ந்த நீலகண்ட சிவன் தமிழில் பத்திப் பாடல்கள் பாடினார். அவர் பஜனையைச் சிறுவயதில் கேட்டு வளர்ந்தவரே பாபநாசம் சிவன். அரசாங்கக் கருவூலத்தில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே தமிழ்க் கீர்த்தனங்கள் இயற்றியவர் திருவனந்தபுரம் இலட்சுமண பிள்ளை அவர்கள். 1864-இல் பிறந்து 1950-இல் மறைந்தவர். அலுவலகக் கணக்கையும் இசைக் கணக்கையும் ஒருவரே பார்த்திருக்கிறார் என்பது நம்மைப் போன்ற எழுத்தர்களுக்குப் பெருமை தருவது.

இவர்கள் புகழ் பெற்றவர்கள். பெயர் பெறாதவர்களோ நம் வீடுகளில் இருந்தனர். ஊரிலிருந்து வந்த பாட்டிமார் கொண்டுவந்த நலங்குப் பாட்டு, ஊஞ்சல் பாட்டு, கோலாட்டப் பாட்டு, கும்மி, தாலாட்டு, மார்கழிப் பஜனைப் பதங்கள் ஆகியவற்றைக் கோடிட்ட நோட்டுப் புத்தகங்களில் பென்சிலால் எழுதி வைத்த வீடுகள் நம் காலனியில் இன்னும் உள்ளன. அவற்றுள் சில நெல்லைச் சீமையிலோ நாஞ்சில் நாட்டிலோ தஞ்சையிலோ இன்று வழங்காதவையாக இருத்தல் கூடும். குடிபெயர்ந்தவர் சொந்த ஊரில் மறந்ததை அயலூரில் பத்திரப்படுத்துவதுண்டு. அந்நோட்டுகள் வீடு மாற்றும்போதும், வெள்ளையடிக்கும்போதும், பெரியவர் காலமான பின்னும் பழைய காகிதத்தோடு எடைக்குப் போய்விடுகின்றன. எடைக்குப் போடுபவருக்கு ஒரு கிலோவுக்குச் சில ரூபாய்கள் கிடைக்கும். போனது திரும்புவதில்லை.

ஆகையால் நம் சங்கத்து அன்பர்களை நாம் வேண்டிக்கொள்வது சிறிது. வீட்டில் அத்தகைய நோட்டு இருப்பின் அதன் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள். இப்போது அதற்கான கருவி எல்லோர் கையிலும் இருக்கிறது. பாட்டின் மேல் மூன்று குறிப்புகள் எழுதுங்கள்: கட்டியவர் பெயர் தெரிந்தால் அப்பெயர், கற்பித்தவர் பெயர், அவர் எந்த ஊரார் என்பது. பெயர் தெரியவில்லையெனில் தெரியவில்லை என்றே எழுதுங்கள். புகழ் பெற்ற ஒருவர் பெயரை ஏற்றிவிடாதீர்கள். பின்னர் வீட்டில் மூத்தவரைப் பாடச் சொல்லிக் குரலையும் பதிவு செய்யுங்கள். குரல் நடுங்கினாலும் சுருதி சற்று விலகினாலும் பாதகமில்லை. சொல்லை மட்டும் எழுதி மெட்டை விட்டதனால் திருவனந்தபுரத்துக் கிருதிகள் பட்ட பாட்டை மேலே கண்டோம்.

சங்கத்தின் நூலகத்தில் ஒரு பீரோவின் ஒரு தட்டை இதற்கென ஒதுக்கலாம். வரும் நோட்டுகளுக்கு ஒரு பதிவேடும், கொடுத்தவர் பெயரும், பெற்ற தேதியும் இருக்கட்டும். பதிவேட்டுக்குக் கோடு போட்டு, எண் இட்டு, ஒழுங்காக எழுதிவரும் வேலையை நாம் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்கிறோம். அது நமக்குப் பழகிய தொழில். அடுத்த ஆண்டு மலர் வெளிவருவதற்குள் பத்து வீட்டு நோட்டுகளேனும் அத்தட்டில் வந்து சேருமாயின், நவராத்திரிக் கொலுவின்போது அவற்றிலிருந்து ஒரு பாட்டையேனும் நம் பிள்ளைகள், கட்டியவர் பெயரையோ கற்பித்தவர் பெயரையோ சொல்லிப் பாடலாம்.